சாவி தபாலில் வருகிறது

கூலி கொடுக்காமல் ஒருவரிடம் வேலை வாங்குவது கஷ்டமான காரியம். "கூலியே வேண்டாம், நான் வேலை செய்கிறேன்" என்று தாமாக வாசலில் வந்து நிற்கிறவரைத் திருப்பி அனுப்புவது அதைவிடக் கஷ்டமாயிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கம்ப்யூட்டர் உலகத்தில் இந்த இரண்டாவது காரியம் தினந்தோறும் வெகு சுலபமாக நடந்து வருகிறது. யாரும் வாய் திறந்து "போய் வாரும்" என்று சொல்வதில்லை. கதவை அறைந்து சாத்துவதுமில்லை. ஒரு கடிதம் வந்து சேருவதில்லை. அவ்வளவுதான்.

விஷயத்தைக் கொஞ்சம் அடியிலிருந்து சொல்ல வேண்டும். மென்பொருள் என்பதில் இரண்டு ஜாதி உண்டு. கம்பெனிகள் சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மூடி வைத்து விற்பது ஒரு ஜாதி. மற்றொன்று ஊர்ப் பொதுக் குளத்தைப் போன்றது. யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம். யார் வேண்டுமானாலும் மண்வெட்டியுடன் வந்து தூர் வாரலாம். (நம் ஊர்க் குளங்களில் எல்லாருக்கும் அந்த உரிமை இருந்ததா என்ற கேள்வியை இப்போது கிளப்ப வேண்டாம்.) 1983-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவிலே ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 'குனூ' என்ற பெயரில் அப்படிப்பட்ட குளம் ஒன்றை வெட்டப் போவதாக அறிவித்தார். 1991-ஆம் வருஷம் பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக எழுதி வரும் ஒரு மென்பொருளைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். உலகத்திலே மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் ஜாபிதா ஒன்று வருஷத்துக்கு இரு முறை வெளியாகிறது. 2017-ஆம் வருஷம் நவம்பர் மாதத்து ஜாபிதாவில் 500-ம் லினக்ஸில் ஓடுகிறவையாகவே இருந்தன. நேயர்களில் பலருடைய சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிக்கும் அடித்தளம் அதுவேதான். பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவை இன்று தமிழிலே பேசுகின்றன என்றால், அதற்குக் காரணம் இரவிலே கண் விழித்துச் சொல் சொல்லாக மொழிபெயர்த்த தொண்டர்கள்தான்.

இந்தத் தொண்டர் படையில் சேருவதற்குப் பிரமாதமான சடங்கு ஒன்றுமில்லை. பெயரைக் கொடுக்க வேண்டும்; மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டும். உடனே ஓர் அறிவிப்புத் தோன்றும்: "தங்கள் பதிவுக்கு வந்தனம். தங்களுடைய கடவுச்சொல் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டிருக்கிறது." அதாவது வீட்டுச் சாவி தபாலில் வருகிறது. சாவி வந்ததும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் வேலையைத் தொடங்கலாம்.

சாவி வராவிட்டால்?

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பண்டிதர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூட உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகிறது. தம்முடைய கம்ப்யூட்டரில் உள்ள பொது மென்பொருள் ஒன்றைத் தமிழிலே வைத்து உபயோகித்து வந்தார். ஒருநாள் ஏதோ ஒரு பெரிய கோப்பை இறக்கிக் கொண்டிருக்கையில், "5 நிமிடங்கள் இடது" என்று அது தெரிவித்தது. பண்டிதர் திடுக்கிட்டுப் போனார். நிமிஷத்துக்கு இடது ஏது, வலது ஏது? பிறகுதான் விளங்கிற்று. 'லெப்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'மீதி' என்றும் பொருள், 'இடது' என்றும் பொருள். எந்தப் புண்ணியவானோ அவசரத்திலே இடப்பக்கமாகப் போய்விட்டார்! பண்டிதருக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளின் வியாசத்தைத் திருத்தியவருக்கு எப்படிப் பிடிக்கும்? மறுநாள் காலை காப்பி சாப்பிட்ட கையோடு தொண்டராகப் பதிவு செய்துகொண்டார். சாவி தபாலில் வருவதாக அறிவிப்பும் வந்தது.

மூன்று நாள் காத்திருந்தார். நாலாம் நாள் பேரனைக் கூப்பிட்டார்.

"தாத்தா, ஸ்பாம் பெட்டியைப் பார்த்தேளா?"

"பார்த்தேன். லாட்டரிச் சீட்டு விழுந்திருப்பதாக நாலு கடிதாசு, சொட்டைத் தலைக்கு மருந்து இருப்பதாக ஒன்பது கடிதாசு. நம்ம கடிதாசு இல்லை."

"முகவரியைத் தப்பாய்க் கொடுத்திருப்பேள்."

"நான் எழுத்துப் பிழை செய்வேன் என்கிறாயா?"

பேரன் வாயை மூடிக்கொண்டான். "மறுபடி அனுப்புக" என்ற பொத்தானை ஆறு தடவை அழுத்தினான். ஆறு தடவையும், அனுப்பியாகிவிட்டது என்ற பதில் தவறாமல் வந்தது. கடிதந்தான் வரவில்லை.

இவ்விடத்தில் ஒரு சமாசாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். "அனுப்பப்பட்டது" என்று கம்ப்யூட்டர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதற்கு அர்த்தம், "தபால் பெட்டியில் போட்டேன்" என்பதுதான். பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்தார்களா, வண்டி ஏறிற்றா, சேர வேண்டிய ஊரில் இறங்கிற்றா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி உண்டு. பெரும்பாலும் யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

மின்னஞ்சலின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால் இந்தச் சங்கடம் ஏன் வந்தது என்று புரியும். 1971-ஆம் வருஷம் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பும் வித்தையைக் கண்டுபிடித்தார். ஆள் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரிப்பதற்கு அவர் பொறுக்கியெடுத்த சுழித்த எழுத்தைத்தான் நாம் இன்றும் முகவரியின் நடுவிலே போட்டுக்கொண்டிருக்கிறோம். 1982-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜான் போஸ்டல் என்பவர் இந்தத் தபாலுக்குரிய சட்ட திட்டங்களை எழுதி வெளியிட்டார். (பெயரைப் பார்த்தால் தபாலுக்கென்றே பிறந்தவர் போலிருக்கிறது; நிஜப் பெயர்தான்.) அந்தச் சட்டத்தின் சாரம் என்னவென்றால், உறையின் மேல் 'அனுப்புநர்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பிக்கொள்ள வேண்டியது. எழுதியவர் அவர்தானா என்று கேட்க அதில் இடமே இல்லை. அந்தக் காலத்தில் அந்த வலையிலே இருந்தவர்கள் சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் ஆராய்ச்சிக்காரர்களுமே. ஒருவருக்கொருவர் முகம் தெரியும். இல்லாவிட்டால் பெயராவது தெரியும். அக்கிரகாரத்தில் பகலிலே கதவைத் தாழிடுவார்களா?

ஆனால் திருட்டுக்கு அச்சாரம் அதற்கு முன்பே போட்டாகிவிட்டது. 1978-ஆம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி, கேரி துர்க் என்ற வியாபாரப் பிரதிநிதி தம் கம்பெனியின் புதிய கம்ப்யூட்டரைப் பற்றிய விளம்பரத்தைச் சுமார் 400 பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பி வைத்தார். வாங்கியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். இருந்தாலும் கம்ப்யூட்டர்கள் விலை போயின என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அங்கேதான் வந்தது வினை! திட்டு விழுந்தாலும் காசு விழுகிறது என்று தெரிந்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? 2008-ஆம் வருஷ வாக்கில் உலகத்தில் நடமாடிய மின்னஞ்சல்களில் பெரும்பகுதி இந்தக் குப்பைதான். அவ்வருஷம் நவம்பர் 11-ந் தேதி கலிபோர்னியாவில் 'மக்கோலோ' என்ற ஒரே ஒரு கம்பெனிக்கு இணைப்பைத் துண்டித்தார்கள். உலகம் முழுவதிலும் குப்பைத் தபால் திடீரென்று பாதிக்கு மேல் குறைந்து போயிற்று. கொஞ்ச காலந்தான். பிறகு வேறு வழியாய் வந்து சேர்ந்தது.

குப்பை பெருகவே, ஒவ்வொரு தபாலாபீஸும் தன் வாசலில் காவற்காரனை நிறுத்தத் தொடங்கிற்று. ஒரு காவற்காரன் கையில் கெட்ட விலாசங்களின் ஜாபிதா இருந்தது. அந்த விலாசத்திலிருந்து எது வந்தாலும் உள்ளே விடமாட்டான். 1997-ஆம் வருஷம் பால் விக்சி என்பவர் இந்த ஏற்பாட்டைப் பிரபலமாக்கினார். 2002-ஆம் வருஷம் பால் கிரஹாம் என்பவர் சொன்ன யோசனையின்படி மற்றொரு காவற்காரன் கடிதத்தைப் பிரித்து, அதிலுள்ள சொற்களை எடை போட்டு, "இது குப்பையாயிருக்கலாம்" என்று அனுமானம் செய்தான். 'கடவுச்சொல்', 'கணக்கு', 'உடனே இங்கே அழுத்துங்கள்' என்பவை மோசக்காரர்களுக்கு மிகவும் பிரியமான வார்த்தைகள். தொண்டருக்கு வரும் சாவிக் கடிதத்தில் அவற்றைத் தவிர வேறு வார்த்தையே கிடையாது! யோக்கியன் கடிதமும் அயோக்கியன் கடிதமும் ஒரே பாஷையில் இருந்தால் பாவம், காவற்காரன் என்ன செய்வான்?

மூன்றாவது காவற்காரன் இவர்களெல்லாரையும் விட வேடிக்கையானவன். 2003-ஆம் வருஷம் இவான் ஹாரிஸ் என்பவர் இவனை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். கறுப்பு ஜாபிதாவும் இல்லை, வெள்ளை ஜாபிதாவும் இல்லை. 'சாம்பல் ஜாபிதா' என்று அதற்குப் பெயர். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து முதல் தடவை கடிதம் வந்தால், இவன் அதைப் படிப்பதுமில்லை, கிழிப்பதுமில்லை. "ஐயா இப்போது வெளியே போயிருக்கிறார், கொஞ்ச நேரம் கழித்து வாரும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். யோக்கியமான தபாற்காரன் போய்விட்டு மறுபடி வருவான். லட்சக்கணக்கில் குப்பை சுமப்பவனுக்கு மறுபடி வர அவகாசம் ஏது? அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். இவ்வளவு எளிய தந்திரம், ஆனால் அபாரமாகப் பலித்தது. மின்னஞ்சல் விதிகளும் இதற்கு இடங்கொடுத்தே இருக்கின்றன. முதலில் நிராகரிக்கப்பட்டால் குறைந்தது 30 நிமிஷம் பொறுத்து மறுபடி முயல வேண்டும்; நாலைந்து நாள் வரையில் நம்பிக்கை இழக்காமல் முயன்றுகொண்டிருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன.

பண்டிதரின் சாவி இந்த மூன்றாவது காவற்காரனிடந்தான் அகப்பட்டுக் கொண்டிருந்தது. அவருடைய முகவரி பெரிய கம்பெனிகளுடையதல்ல. சிறு ஸ்தாபனம் ஒன்று நடத்தும் தபாலாபீஸைச் சேர்ந்தது. அங்கே சாம்பல் ஜாபிதா உண்டு. அவர் பதிவு செய்துகொண்ட தொண்டர் சங்கத்திலோ, கடிதம் அனுப்பும் வேலையை யாரோ ஒருவர் அவசரமாக எழுதிய சின்ன நிரல் ஒன்று பார்த்து வந்தது. அதற்கு ஒரு தடவை வாசலில் போய்க் கூப்பிடத் தெரியும். திரும்பி வரத் தெரியாது. பேரன் பொத்தானை அழுத்திய ஆறு தடவையும் ஆறு புதிய கடிதங்கள் கிளம்பின. அவன் ஆறையும் ஐந்து நிமிஷத்துக்குள் அழுத்திவிட்டபடியால், ஆறுக்கும் "கொஞ்ச நேரம் கழித்து வாரும்" என்றே பதில் கிடைத்தது. ஆத்திரப்படாமல் அரை மணி பொறுத்து ஒரு தடவை அழுத்தியிருந்தால் ஒருகால் கடிதம் வந்திருக்கும். அந்த ரகசியத்தை அந்தப் பக்கத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். பேரன் பிடிவாதக்காரன், அச்சங்கத்தின் நிர்வாகிகள் பேசிக்கொள்ளும் அரட்டை அறையைத் தேடிக் கண்டுபிடித்து, இரவு பன்னிரண்டு மணிக்கு அங்கே போய் முறையிட்டான். எந்தத் தேசத்திலோ இருந்த ஒரு நிர்வாகி தம்முடைய தினசரிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பண்டிதர் பெயருக்கு நேரே '451' என்ற எண் ஏழு தடவை எழுதியிருந்தது. அந்த எண்ணுக்குத்தான் 'இப்போது முடியாது, பிறகு வாரும்' என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், அதே எண்ணுக்கு எதிரே வேறு பல பெயர்களும் இருந்தனவாம். ஒருவராவது வந்து கேட்கவில்லை. வந்தவர்கள், காத்திருந்தார்கள், போய்விட்டார்கள். நிர்வாகிகளும், "இந்த வருஷம் தொண்டர்கள் அதிகம் சேரவில்லையே" என்று வருத்தப்பட்டுக் கொண்டிருந்தார்களாம்!

பண்டிதர் இப்போது அந்த மென்பொருளின் இடது வலதுகளையெல்லாம் திருத்திவிட்டார். ஆனால் எல்லா வீட்டிலும் பேரன் இருக்கமாட்டான். இதே சங்கத்தில் பதிவு செய்துகொண்ட கல்லூரி மாணவி ஒருத்தியையும் எனக்குத் தெரியும். அவளுடைய கல்லூரி முகவரிக்கு வரும் கடிதங்களெல்லாம் சொந்த முகவரிக்குத் திருப்பி விடப்படும்படி ஏற்பாடு செய்திருந்தாள். அதனால் வந்த வில்லங்கம் வேறு மாதிரி.

உறையின் மேல் எழுதியதை நம்ப முடியாமற் போகவே, பிற்காலத்தில் மூன்று புதிய ஏற்பாடுகள் செய்தார்கள். "என் பெயரில் கடிதம் கொண்டுவர இன்னின்ன தபாற்காரருக்கே அதிகாரம்" என்று ஒவ்வொரு ஸ்தாபனமும் ஒரு ஜாபிதாவைப் பகிரங்கமாக வெளியிடுவது ஒன்று, இதற்கு எஸ்.பி.எப். என்று பெயர். கடிதத்தின் மேல் அரக்கு முத்திரை போல ஒரு கணித முத்திரை குத்துவது இரண்டாவது; அது டி.கே.ஐ.எம். இவ்விரண்டும் பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று அனுப்புகிறவரே கட்டளையிட்டு வைப்பது மூன்றாவது; அது டிமார்க். நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் திருப்பி விடப்பட்ட கடிதத்தைக் கொண்டுவருவது கல்லூரித் தபாற்காரர் அல்லவா? சங்கத்தின் ஜாபிதாவில் அவர் பெயர் இல்லை. சங்கத்தார் முத்திரை குத்தவும் கற்றுக்கொண்டிருக்கவில்லை. ஆகவே கடைசி வாசலில் இருந்த காவற்காரன், "நீ யார் ஐயா, சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவன்?" என்று கேட்டுக் கடிதத்தைக் குப்பையிலே போட்டுவிட்டான். அந்தப் பெண் ஒரு வாரம் பார்த்தாள். அவளுக்கு வேறு வேலை இல்லையா என்ன? ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்து போய்விட்டாள். கணக்குப் போடுவதில் அவள் கெட்டிக்காரி என்று அவளுடைய ஆசிரியர்கள் சொல்வார்கள். அச்சங்கத்துக்கு அவள் என்ன செய்து கொடுத்திருப்பாள் என்பது யாருக்கும் தெரியப் போவதில்லை.

"அப்படியானால் இந்தத் தபால் சாவி ஏற்பாடே வேண்டாமே! யார் வேண்டுமானாலும் நேரே உள்ளே வந்து வேலை செய்யட்டுமே!" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்ன பெரிய மனிதர் ஒருவர் உண்டு. வேறு யாருமல்ல, முதலிலே குறிப்பிட்ட ஸ்டால்மன்தான். மஸாச்சுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் இருந்தபோது அங்கே கம்ப்யூட்டர்களுக்குக் கடவுச்சொல் வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்டால்மனுக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. எல்லாருடைய கடவுச்சொல்லையும் கண்டுபிடித்து, அவரவருக்கே எழுதி அனுப்பி, "இதற்குப் பதிலாக ஒன்றும் இல்லாமலே வைத்துக்கொள்ளுங்களேன்" என்று யோசனை கூறினார். சிலர் கேட்டுக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் காலத்தின் கோலத்தைப் பாருங்கள்: அவர் தொடங்கிய குனூ திட்டத்துக்கு உதவி செய்யப் பதிவு செய்துகொள்கிறவர்களும் இன்று கடவுச்சொல் வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டியிருக்கிறது.

ஏன் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 'பைத்தான்' என்ற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதுகிறவர்கள் தங்கள் சரக்குகளைப் பொதுவில் வைக்கும் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. பைப்பீஐ என்பது அதன் பெயர். அதிலே 'சிடிஎக்ஸ்' என்ற சிறு சரக்கு ஒன்றை ஒருவர் வெகு காலத்துக்கு முன் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய மின்னஞ்சல் அவர் சொந்தமாக வாங்கியிருந்த இணையப் பெயர் ஒன்றின் கீழ் இருந்தது. அந்தப் பெயருக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டப்படாமல் அது காலாவதியாகிவிட்டது. 2022-ஆம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி, அந்நியன் ஒருவன் அந்தப் பெயரைத் தன் பேரில் வாங்கினான். அதே நாளிலேயே களஞ்சியத்துக்குப் போய், "என் கடவுச்சொல் மறந்துவிட்டது, புதிது வேண்டும்" என்று விண்ணப்பித்தான். சாவிக் கடிதம் கிளம்பிற்று. எந்தக் காவற்காரனும் தடுக்கவில்லை. ஒழுங்காக வந்து சேர்ந்தது. யாருக்கு? அந்நியனுக்கு! அவன் அந்தச் சரக்கினுள்ளே, உபயோகிக்கிறவர்களின் ரகசியங்களைத் திருடி அனுப்பும் கருவியைச் சேர்த்துவிட்டான். சில நாளில் விஷயம் வெளிப்பட்டு அப்புறப்படுத்தினார்கள். 2025-ஆம் வருஷம் அக்களஞ்சியத்தார், காலாவதியாகும் நிலையிலுள்ள இணையப் பெயர்களைக் கண்காணித்து, அவற்றின் கீழுள்ள முகவரிகளை இனி நம்புவதில்லை என்று ஏற்பாடு செய்தார்கள். சில மாதங்களுக்குள் அப்படி 1,800-க்கு மேற்பட்ட முகவரிகள் அகப்பட்டன.

யோக்கியமான பண்டிதருக்கு ஏழு தடவை அனுப்பியும் சேராத கடிதம், திருடனுக்கு ஒரே தடவையில் சேர்ந்து விடுகிறது. ஏனென்றால் திருடன் தன் வாசலில் காவற்காரனை வைத்துக்கொள்வதில்லை.

நிற்க. கடவுச்சொல்லையே கடிதத்தில் எழுதி அனுப்பும் பழைய வழக்கம் மெள்ள மெள்ள மறைந்து வருகிறது. இது விஷயத்தில் எனக்குச் சந்தோஷந்தான். கடவுச்சொல்லைக் கடிதத்தில் எழுதுவது, பெட்டிச் சாவியைக் கார்டில் கட்டித் தபாலில் போடுவதற்குச் சமானம். வேர்டுபிரஸ் என்ற பிரபல மென்பொருள் 2015-ஆம் வருஷம் அந்த வழக்கத்தை விட்டது. இப்போதெல்லாம் ஒரே தடவை உபயோகிக்கக்கூடிய இணைப்பு ஒன்றை அனுப்புகிறார்கள். அதை அழுத்திக் கடவுச்சொல்லை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இதிலும் ஒரு சங்கடம் இல்லாமற் போகவில்லை. சில ஆபீஸ்களில் காவற்காரன் மிகவும் கடமையுணர்ச்சி உள்ளவன். கடிதத்தில் இருக்கும் இணைப்பு ஆபத்தானதா என்று பார்ப்பதற்காக, நமக்கு முன்னால் தானே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுகிறான். ஒரே தடவைதானே செல்லும்? நாம் அழுத்தும்போது, "இந்த இணைப்பு ஏற்கனவே உபயோகிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வருகிறது. பாயசம் நன்றாயிருக்கிறதா என்று ருசி பார்ப்பதற்காகப் பரிசாரகனே முழுவதையும் சாப்பிட்டுவிட்ட கதைதான்.

2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் கூகிளும் யாஹூவும் புதிய உத்தரவு ஒன்றை அமுலுக்குக் கொண்டுவந்தன. தங்கள் வாடிக்கைக்காரர்களுக்கு ஏராளமாகக் கடிதங்கள் அனுப்புகிறவர்கள் (கூகிளின் கணக்கில் நாளொன்றுக்கு 5,000-க்கு மேல்) மேலே சொன்ன மூன்று ஏற்பாடுகளையும் செய்துகொள்ள வேண்டும். அதற்குக் குறைவாக அனுப்புகிறவர்களும் முதல் இரண்டில் ஒன்றையாவது செய்துகொள்ள வேண்டும். மோசக்காரரைத் தடுக்க இது அவசியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதனால் யாருக்குச் சிரமம் என்று பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு ஒரு சிரமமும் இல்லை. அதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும். குப்பை அனுப்புகிறவனும் வெகு சீக்கிரம் முத்திரை குத்தக் கற்றுக்கொண்டான். அவனுக்கு அதுதானே பிழைப்பு! நடுவிலே அகப்பட்டுக்கொண்டு விழிப்பவர்கள், சனி ஞாயிறுகளில் மட்டும் சங்கத்து வேலையைப் பார்க்கும் நாலு தொண்டர்கள்தான். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தெரியும், நிரல் எழுதத் தெரியும். தபால் இலாகா நடத்தத் தெரியாது. உலகத்துத் தபாலெல்லாம் இரண்டு மூன்று கம்பெனிகளின் வாசல் வழியாகவே போய்வர வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அந்த வாசல்களில் போடும் சட்டந்தான் ஊர்ச் சட்டம். இது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸின் மத்திய பகுதியைப் பராமரிப்பவர்கள் வேறொரு வழியைக் கையாண்டு வருகிறார்கள். அங்கே பதிவும் இல்லை, சாவியும் இல்லை. நீங்கள் செய்த திருத்தத்தை அப்படியே மின்னஞ்சலில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி அனுப்ப வேண்டும். பொறுப்பாளர்கள் படித்துப் பார்த்து, சரியாயிருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் தாட்சணியம் பார்க்காமல் காரணத்தை எழுதுவார்கள். ஆளை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியைப் பின்னால் வைத்துக்கொண்டு, வேலையை முதலில் பார்க்கிறார்கள். வண்ண எழுத்தும் அலங்காரமும் சேர்த்த கடிதங்களை அவர்களுடைய இயந்திரம் திருப்பி அனுப்பிவிடும் என்பது உபரிச் சமாசாரம். எல்லாச் சங்கங்களும் இப்படிச் செய்ய முடியாது. பண்டிதரைப் போன்றவர்கள் அந்த மாதிரிக் கடிதம் எழுதக் கற்றுக்கொள்வதற்குள் நிமிஷங்கள் இடதுபுறமாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் சாவி இல்லாவிட்டால் உள்ளே வேலையே இல்லை என்பது பிரம்மா எழுதிய எழுத்தல்ல என்று தெரிந்துகொள்வதற்காகச் சொன்னேன்.

சங்கம் நடத்துகிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை தினசரிப் பதிவேட்டைத் திறந்து, எத்தனை பேர் பதிவு செய்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது உள்ளே வந்தார்கள் என்று இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்து நிமிஷத்து வேலை. "அனுப்பப்பட்டது" என்ற அறிவிப்பின் கீழே, "அரை மணியில் வராவிட்டால் இன்னாரிடம் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்க்கலாம்.

பதிவு செய்துகொள்கிற நேயர்களுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பொத்தானை அடுத்தடுத்து அழுத்தாதீர்கள். அரை மணி பொறுங்கள். திருப்பி விடப்படும் முகவரியைக் கொடுக்காமல், கடிதம் நேரே வந்து சேரும் முகவரியைக் கொடுங்கள். ஒரு நாளாகியும் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லையா? அதற்கு ஒரு வழி 1982-ஆம் வருஷத்திலிருந்தே இருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாது. மின்னஞ்சல் வாங்குகிற ஒவ்வொரு ஸ்தாபனமும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெயருக்கு வரும் கடிதத்தை ஏற்றுக்கொண்டே தீர வேண்டும் என்பது விதி. அந்தச் சுழித்த எழுத்துக்கு முன்னால் போஸ்ட்மாஸ்டர் என்று போட்டு, பின்னால் சங்கத்தின் இணையப் பெயரைப் போட்டால் போதும். இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்தேன், கடிதம் வரவில்லை என்று நாலு வரி எழுதுங்கள். மணியைக் குறிப்பிட மறக்க வேண்டாம். பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு அது பெரிய உபகாரம். கடவுச்சொல் எதையும் அதில் எழுத வேண்டாம்.

அந்தக் கடிதத்தை மட்டும் வேறொரு முகவரியிலிருந்து அனுப்புங்கள். பழைய முகவரியிலிருந்தே அனுப்பினால் போஸ்ட்மாஸ்டர் உடனே பதில் எழுதுவார். அந்தப் பதிலும் வந்து சேராது.